சித்திரைத் திருவிழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பற்றி எழுதுவோரும் அதைக் காண வருவோரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இரண்டு கோயில்களின் விழாக்களை ஒரே விழாவாக எண்ணிக்கொள்வதிலிருந்தே தொடங்குகின்றன. மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றம் முதல் பட்டாபிஷேகம், திக்விஜயம், திருக்கல்யாணம், தேரோட்டம் வரை நடப்பது ஒரு விழா. அழகர்மலையிலிருந்து கள்ளழகர் வைகைக்கு எழுந்தருளுவது மற்றொரு விழா. மாசியில் நடந்துவந்த திருக்கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இவ்விரண்டையும் இணைத்தவர், 17ஆம் நூற்றாண்டில் ஆண்ட திருமலை நாயக்கர் என்பர். மீனாட்சியின் தேர் இன்றும் அந்த மாசியின் பெயர் தாங்கிய மாசி வீதிகளில்தான் ஓடுகிறது.

தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த அண்ணன் அழகர், கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பிவிட்டார் என்ற கதை மக்கள் நாவில் வாழும் அழகான கதை. அதை யாரும் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதையே தலபுராணமாக எழுதுவது தவறு. துர்வாசர் சாபத்தால் தவளையாகி வைகைக் கரையில் தவமிருந்த சுதபஸ் முனிவருக்கு மோட்சம் அளிக்கவே அழகர் வருகிறார் என்பதுதான் கோயில் மரபு. ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூருக்கு அருகிலுள்ள தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அந்த மண்டூக மோட்சம் நடைபெறுகிறது. மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுப்பவரோ திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அவர் உரிய நேரத்தில் வந்து மணமேடையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே அழகரை மட்டும் அண்ணனாகச் சொல்வது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்தக் குழப்பம் பயணத்தையும் கெடுக்கும். திருக்கல்யாணத்துக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ அழகர் இறங்கிவிடுவார் என்று தாமாகக் கணக்கிட்டு ரயிலுக்கு முன்பதிவு செய்வோர் பலர். 2024இல் திருக்கல்யாணம் ஏப்ரல் 21, அழகர் ஆற்றில் இறங்கியது 23. 2025இலோ அவை மே 8, மே 12. அழகரின் நாள் சித்ரா பௌர்ணமியை ஒட்டியே அமைவதால், இரண்டு கோயில்களின் அழைப்பிதழ்களையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும்.

தண்ணீர் பீய்ச்சுவதிலும் கவனம் தேவை. ஆட்டுத்தோல் துருத்தியில் நறுமண நீர் நிரப்பி, வெயிலில் வரும் அழகரைக் குளிர்விப்பது விரதமிருந்து செய்யும் நேர்த்திக்கடன். விசைப்பம்பு பொருத்தி வேகமாக அடிப்பதும், நீரில் வேதிப்பொருள் கலப்பதும் அந்த வழிபாட்டைச் சேர்ந்தவை அல்ல. அழகர்மலையின் நூபுர கங்கைத் தீர்த்தத்தால் மட்டுமே திருமஞ்சனம் காணும் அபரஞ்சித் (பசும்பொன்) திருமேனி அது என்பதையும், அழகரைத் தோளில் தூக்கிவரும் சீர்பாதம் தாங்கிகளின் முகத்தில் அந்த நீர் அறைகிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

ஆற்றுக்குள் இறங்கி நின்றால்தான் தரிசனம் என்று முண்டியடிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2022இல் அந்த நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருவோர், முந்தைய நாள் மூன்றுமாவடியிலும் தல்லாகுளத்திலும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையிலோ, வழிநெடுக அவர் தங்கிச் செல்லும் மண்டகப்படிகளிலோ அழகரை அருகிலிருந்தே சேவிக்கலாம்.