ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடறீங்களா? பிள்ளைங்க பேர்லேருந்து ஆரம்பிங்க

ஸ்காட்லாந்து குடும்ப மரம் போட உக்காந்தவங்க பாதிப் பேர் மிரண்டு போறது எங்கேன்னா, ஒரே ஊர்ல ஒரே பேரு ஒரே இனிஷியலோட அஞ்சாறு பேர் இருப்பாங்க, நம்ம ஆளு யாருன்னே பிடிபடாது. ஆனா அந்தக் குழப்பத்துக்குக் காரணமான பேர் வைக்கிற வழக்கமே நமக்கு வழியும் காட்டும்.

18, 19-ம் நூற்றாண்டுல நிறைய வீடுகள்ல இருந்த வழக்கம் இதுதான். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெத்த தாத்தா பேரு, மூணாவது பையனுக்குத்தான் அப்பா பேரு. பொண்ணுங்கள்ல மூத்தவளுக்கு அம்மாச்சி பேரு, ரெண்டாவதுக்கு அப்பாயி பேரு, மூணாவதுக்கு அம்மா பேரு. சில வீட்ல இந்த வரிசையை மாத்தியும் வெச்சிருக்காங்க, அதனால இதை சட்டம்னு எடுத்துக்காதீங்க, துப்புன்னு எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: பிள்ளைங்க லிஸ்ட் போடுங்க

1851 சென்சஸ்லேருந்து தொடங்குங்க, ஏன்னா 1841-ல யாரு யாருக்கு என்ன உறவுன்னே எழுதல, பெரியவங்க வயசையும் கீழ இருக்கிற அஞ்சோட மடங்குக்குக் குறைச்சுப் போட்டுட்டாங்க (38-ஐ 35னு). ஒரு வீட்ல அப்பா வில்லியம், அம்மா ஆன், பிள்ளைங்க அலெக்சாண்டர் 12, இசபெல்லா 10, ஜான் 8, மார்கரெட் 6, வில்லியம் 2னு இருக்குன்னு வெச்சுக்குவோம். வழக்கப்படி பாத்தா வில்லியமோட அப்பா அலெக்சாண்டர், அம்மா மார்கரெட், ஆனோட அப்பா ஜான், அம்மா இசபெல்லா. ஒரே ஒரு பக்கத்துலேருந்து நாலு தாத்தா பாட்டி பேரு கைக்கு வந்துடுச்சு! ஆனா 6-க்கும் 2-க்கும் நடுவுல நாலு வருஷ இடைவெளி இருக்கே, அங்க ஒரு குழந்தை இறந்திருக்கலாம், இறந்த குழந்தை பேரையே அடுத்ததுக்கு வைக்கிறதும் ரொம்ப சகஜம், அதனால இடைவெளியைக் கண்டா குறிச்சு வெச்சுக்கோங்க. ரெண்டு தாத்தாவுக்கும் ஒரே பேரா இருந்தா உயிரோட இருக்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேருமே ஜான்னு இருப்பாங்க, அது கிளார்க் தப்புன்னு நினைச்சு ஒருத்தரை லிஸ்ட்லேருந்து நீக்கிடாதீங்க.

ஸ்டெப் 2: சர்டிஃபிகேட்டை வெச்சு சரிபாருங்க

இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. 1855 ஜனவரி 1-லேருந்து அங்க பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாத்தையும் அரசாங்கத்துல பதிவு செய்யறது கட்டாயம். அப்பா வில்லியம் அதுக்கப்புறம் இறந்திருந்தா டெத் சர்டிஃபிகேட்ல அவரோட அப்பா பேரும், அம்மாவோட பிறந்த வீட்டு சர்நேமும் இருக்கணும். கல்யாணம் ஆனதும் பொண்ணுங்க அடையாளம் காணாமப் போறது நிறைய நாட்டுப் பதிவுகள்ல இருக்கிற சோகம், ஸ்காட்லாந்து பதிவுல அவங்க காணாமப் போகல, எனக்கு இந்த ஆராய்ச்சியே பிடிச்சுப் போனதுக்கு அதுதான் காரணம். தகவல் சொன்னது யாருன்னும் பாருங்க, மகன் சொன்னதுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதுக்கும் வித்தியாசம் இருக்கும்.

1855-க்கு முன்னாடின்னா சர்ச் வெச்சிருந்த பழைய பாரிஷ் ரெஜிஸ்டர்தான் (அந்த வட்டாரத்து ஞானஸ்நானம், கல்யாணம் எழுதி வெச்ச புத்தகம்), அதுல பழசு 1553 வரைக்கும் போகுது. எல்லாம் ஸ்காட்லாந்ஸ்பீப்பிள் வெப்சைட்ல இருக்கு, ஸ்கேன் காப்பி பாக்க கிரெடிட் வாங்கணும்.

ஸ்டெப் 3: ஒரே ஆளோட வேற வேற பேரையும் தேடுங்க

ஜெனட், ஜெஸ்ஸி, ஜீன், ஜேன் நாலும் ஒரே பொண்ணா இருக்கலாம். பீட்டரும் பேட்ரிக்கும் ஒண்ணு, எல்ஸ்பெத்தும் எலிசபெத்தும் ஒண்ணு. கேலிக்ங்கிற பழைய மொழி பேசின ஹைலேண்ட்ஸ் (வடக்கு மலைப்பகுதி) பக்கம் இன்னும் சிக்கல், வீட்ல ஓய்ரிக்னு கூப்பிட்டவங்களை ரெஜிஸ்டர்ல யூஃபீமியான்னு எழுதுவாங்க, அவங்களே இன்னொரு இடத்துல எஃபி. டொனால்டும் டேனியலும் அப்படித்தான் இடம் மாறும்.

ஸ்டெப் 4: வினோதமான பேரைக் கண்டா விடாதீங்க

ஹியூகினா, டொனால்டினா, மர்டினா, ஜேம்சினா... ஆம்பளைப் பேரோட கடைசில 'இனா' சேத்து பொண்ணுக்கு வைக்கிற பழக்கம் ஹைலேண்ட்ஸ்லயும் தீவுகள்லயும் ரொம்ப உண்டு. ஹியூகினான்னு ஒரு பொண்ணு இருந்தா அந்தக் குடும்பத்துல தாத்தாவோ மாமாவோ ஒரு ஹியூ இருந்திருப்பார்னு தேடிப் பாருங்க. கிழக்குக் கரையிலயும் உண்டு, 1888-ல விண்வெளில இருக்கிற குதிரைத்தலை நெபுலாவை போட்டோ தகடுல கண்டுபிடிச்ச வில்லியமினா ஃபிளெமிங் 1857-ல டண்டீல பிறந்தவங்க.

நடுப் பேரு சர்நேம் மாதிரி இருந்தா பெரும்பாலும் அம்மா இல்ல பாட்டியோட பிறந்த வீட்டுப் பேரு. குடும்பத்துல எங்கயுமே ஒட்டாத முழுப்பேரா வந்தா, அந்த ஊர் சர்ச் போதகர் பேரைப் பாருங்க, அவர் மேல இருந்த மரியாதையில வெச்சிருக்கலாம்.

ரெண்டு இடத்துல மட்டும் ரூட்டை மாத்தணும். வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகள்ல 19-ம் நூற்றாண்டு வரைக்கும் அப்பா பேரையே சர்நேமா வெச்சவங்க இருந்தாங்க, மேக்னஸ் மகன் மேக்னஸன், மகள் மேக்னஸ்டாட்டர், அதனால அங்க சர்நேமைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி போனா தடம் மாறிடும். பக்கி (Buckie)ங்கிற ஊர் மாதிரி வடகிழக்கு மீனவர் ஊர்கள்ல ஊரே ஸ்மித், கௌவி (Cowie)னு இருந்ததால ஆளை அடையாளம் காண டீ-நேம்னு ஒரு பட்டப்பேரு வெச்சாங்க, அது அரசாங்கப் பதிவுலயே சர்நேமுக்குப் பக்கத்துல ஏறியிருக்கும். அப்படி ஒண்ணு கண்ணுல பட்டா அதையும் தேடல் பெட்டில போட்டுப் பாருங்க, அந்த ஊர்ல சர்நேமை விட அதுதான் சீக்கிரம் வீட்டைக் காட்டும்.