பழைய பேனாவுக்கு எந்தப் பவுடர்? ரங்கூனில் டால்க் தேடுவோருக்கு

லீவர் வைத்த பழைய பேனாவுக்கு ரப்பர் பை மாற்றும் வேலையில் எல்லாமே ஒருவழியாகக் கிடைத்துவிடும். பையை வெளிநாட்டிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வரவழைக்கலாம். ஒட்டுவதற்கு ஷெல்லாக் என்ற அரக்குப் பசை, மரச்சாமானுக்குப் பாலிஷ் விற்கும் கடையில் உண்டு. கடைசியில் போடும் ஒரு சிட்டிகை பவுடர்தான் தகராறு. கடை நிறையப் பவுடர் இருக்கிறது. பேனாவுக்கு ஆகிறது அதில் ரொம்பக் கொஞ்சம்.

எஸ்டர்புரூக் ஜே, பழைய ஷேஃபர் போன்ற லீவர் பேனாக்களில் மை நிற்பது மெல்லிய லேட்டக்ஸ் பையில். லீவரைத் தூக்கினால் உள்ளே இருக்கும் தகடு பையை நசுக்கும். விட்டதும் பை விரிந்து மையை உறிஞ்சும். பேனா உடலின் உள்சுவரிலோ தகட்டிலோ பை ஒட்டிக்கொண்டால் முழுக்க விரியாது, முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழியும். டால்க் அந்த ஒட்டலைத் தடுக்கிறது. கனிமங்களில் மிக மென்மையானது அதுதான், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் 1. ஈரத்தை இழுக்காது, ரப்பரையும் கெடுக்காது.

"குழந்தைப் பவுடர் போடு, போதும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் காலத்துக்கு அது சரி. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை நிறுத்தியது. 2023இல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. சோள மாவு ஈரத்தைக் குடிக்கும். மே பாதியிலிருந்து அக்டோபர் வரை துவைத்த கைலியே காயாத ஊர் இது. இங்கே அந்த மாவைப் பேனாவுக்குள் போட்டால் கட்டிதட்டும், பூஞ்சை பிடிக்கும், லீவரின் இடுக்கில் பசையாக உட்காரும். டப்பாவின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படியுங்கள்.

தாய்லாந்திலிருந்து வரும் வியர்க்குருப் பவுடர் மூலைக்கு மூலை கிடைக்கும். உடம்புக்கு ஜில்லென்று இருக்கும், பேனாவுக்கு வேண்டாம். மெந்தால், கற்பூரம், வாசனை எண்ணெய் எல்லாம் ரப்பருக்குப் பகை. தெயிங்ஜி மார்க்கெட்டில், அதாவது பழைய சூரத்தி பஜாரில், விற்கும், முகத்தில் பூசும் தனக்காப் பொடி மரப்பட்டை. அதையும் ஒருவர் என்னிடம் கேட்டார்! கேரம் போர்டுப் பவுடர்தான் ஆளை ஏமாற்றுவது. தொட்டால் டால்க் மாதிரியே வழுக்கும். ஆனால் அது பெரும்பாலும் போரிக் அமிலம், இல்லையென்றால் மாவு.

நான் முதலில் அனுப்புவது தெருவோரம் சைக்கிளுக்கும் சைக்கா என்ற மிதிரிக்‌ஷாவுக்கும் பஞ்சர் ஒட்டுகிறவரிடம். புது டியூபைப் பிரித்தால் கையில் ஒட்டும் வெள்ளைத் தூள் பெரும்பாலும் டால்க். ரப்பர் ரப்பரோடு ஒட்டக் கூடாது என்பதற்காகவே போட்டது, நம் வேலையும் அதேதான். டயர், டியூப் மொத்தமாக விற்கும் கடையில் பொட்டலமாகவே கேட்டுப் பாருங்கள். "பேனாவுக்கா அண்ணே?" என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. அங்கே இல்லையென்றால் சோப்பு, அழகுசாதனம் செய்வோருக்கு மூலப்பொருள் விற்கும் கெமிக்கல் கடையில் வாசனை சேர்க்காத டால்க் கேளுங்கள். பர்மியர்கள் பராபைக் என்ற கறுப்பு மடிப்பு ஏட்டில் எழுதிய வெள்ளைக் கல் குச்சியும் டால்க் இனம்தான், நம்முடைய மாக்கல். அதை அரைத்துப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம், அதிலுள்ள கடினத் துகள் பையை அராவும்.

வாங்கியதை வீட்டில் சோதித்துவிடுங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் ஓரம் கட்டுங்கள். ஒரு சிட்டிகையில், புண்ணுக்குப் போடும் பழுப்பு நிற அயோடினை ஒரு சொட்டு விடுங்கள், மாவாக இருந்தால் கருநீலமாகும். இன்னொரு சிட்டிகையில் வினிகர் விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புத் தூளோ சோடா உப்போ. தையல்காரர் கோடு போடும் சாக்பீஸில் இப்படி நிறைய உண்டு. பழைய கரண்டியில் கொஞ்சம் வைத்துத் தீயில் காட்டினால் மாவு கருகி மணக்கும், டால்க் அப்படியே இருக்கும். எல்லாவற்றிலும் அசையாமல் கிடந்தால் பேனாவுக்கு எடுக்கலாம்.

போடும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் டால்க்கை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தது. நமக்கு வேண்டியது விரல் நுனி அளவுதான். அதைத் தூசியாகப் பறக்கவிட்டு மூச்சில் இழுப்பானேன்?

பையை முதலில் கழுத்துப் பகுதியில் ஷெல்லாக் வைத்து மாட்டி, ஒரு இரவு காய விடுங்கள். அதற்கு முன்னால் பவுடரை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. ஒட்டும் இடத்தில் தூள் பட்டால் ஷெல்லாக் பிடிக்காது. காய்ந்தபின் சின்னப் பிளாஸ்டிக் கவரில் சிட்டிகை டால்க் போட்டு, பையை உள்ளே விட்டு மெதுவாகக் குலுக்குங்கள். வெளியே எடுத்து விரலால் தட்டி மிச்சத்தை உதிர்த்துவிடுங்கள். பேனா உடலுக்குள்ளும் கொஞ்சம் போட்டு, சுற்றி, கவிழ்த்துத் தட்டுங்கள். மிச்சம் இருந்தால் லீவர் இடுக்கு வழியாகச் சட்டைப் பையில் கொட்டும். உள்ளே ஈரம் இருந்தால் டால்க்கும் உதவாது என்பதால் உடலை முன்கூட்டியே நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் கிடக்கும் ஹீரோ 616க்கு இந்த அலைச்சல் தேவையே இல்லை. அதிலுள்ளது பிளாஸ்டிக் குழாய், கழுவினால் போதும். 1948க்குப் பின் வந்த அழுத்தி நிரப்பும் பார்க்கர் 51க்கும் அப்படியே.