எஞ்சின் சூடேறினால் தண்ணீர் போகும் வழியைத் தேடிப் பிடியுங்கள்

வள்ளத்தின் பின்பலகையில் பூட்டும் அவுட்போர்ட் எஞ்சின் சூடேறுகிறது என்று கடலில் வைத்துத் தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினின் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளையால் தண்ணீர் இன்னும் பீச்சிக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் அப்படியே மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். தண்ணீரே வரவில்லை, அல்லது வெறும் ஆவிதான் வருகிறது என்றால் அந்த ஒரு நிமிடமும் வேண்டாம், அதே இடத்தில் நிறுத்துங்கள். கரை தெரிகிறது, பத்து நிமிடம்தானே, மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நினைப்புத்தான் பிஸ்டனை இறுகவைத்து, சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலையை எஞ்சினையே கழற்றி அடுக்கும் வேலையாக மாற்றுகிறது.

நிறுத்திய கையோடு நங்கூரத்தைப் போடுங்கள், எஞ்சின் மூடியைப் பிறகு கழற்றலாம். களப்புக்குள் என்றால் மரக்கோல் ஊன்றி நிற்கலாம், ஆனால் வாடைக் காற்றில் பருத்தித்துறைப் பக்கமோ, நெடுந்தீவுக்கு அப்பாலோ நின்றால் நீங்கள் ஸ்குறூ டிரைவரைத் தேடி எடுப்பதற்குள் வள்ளம் நெடுந்தூரம் அள்ளுண்டு போயிருக்கும். இன்னொன்று, சூடான எஞ்சின் மேல் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். பதற்றத்தில் எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். சுட்ட உலோகம் திடீரென்று குளிர்ந்தால் வெடிப்பு விழும். மூடியைத் திறந்து காற்றுப் படவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

அந்த நேரத்தில் தண்ணீர் எந்த வழியால் போய் வருகிறது என்பதை மனதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காருக்கு இருப்பதுபோல் இதற்கு ரேடியேற்றர் இல்லை, கடல்தான் ரேடியேற்றர். எஞ்சினின் கால், அதாவது தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பகுதி, அதன் அடியில், புரொப்பெலருக்குச் சற்று மேலே இருக்கும் சல்லடை வாயால் தண்ணீர் உள்ளே போகிறது. அதற்கு மேலே ரப்பர் இதழ்களோடு சுழலும் இம்பெலர் அதை உறிஞ்சி, ஒரு நீண்ட குழாயால் மேலே தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்ரற்றைக் கடந்து, புகையோடு சேர்ந்து கீழே இறங்கி வெளியே போகிறது. பம்ப் தள்ளும் தண்ணீரில் ஒரு சிறு பங்குதான் பக்கத்துத் துளையால் பீச்சுகிறது. சூடேறும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வழியில் எங்கோ ஓர் அடைப்புத்தான் காரணம். ஆகவே கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகப் பாருங்கள். காசு செலவில்லாத இடங்கள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன.

முதலில் எஞ்சினைத் தூக்கிச் சல்லடை வாயைப் பாருங்கள். யாழ்ப்பாணக் களப்பு ஆழம் குறைந்தது, பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான், அடியில் சேறும் சாதாழை என்ற கடற்புல்லும். பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடையில் ஒருநாள் என் 25 குதிரைவலு எஞ்சின் திடீரென்று கூவத் தொடங்கியது, தூக்கிப் பார்த்தால் ஒரு ஷொப்பிங் பை காலைச் சுற்றி இரண்டு பக்க வாயையும் ஒட்டி மூடியிருந்தது. இழுத்து எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஆறவிட்டேன், பிறகு ஒரு குறையும் இல்லாமல் கரைவரை ஓடியது. எஞ்சின் நின்ற பிறகுதான் கையை வையுங்கள், ஓடும்போது ஒருநாளும் வேண்டாம்.

வாய் சுத்தமாக இருந்தும் துளையால் தண்ணீர் வரவில்லை என்றால் எஞ்சின் உண்மையிலேயே காய்கிறதா, துளை மட்டும் அடைத்திருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். மணல், உப்புக்கட்டி, கரையில் சில நாள் கிடந்த எஞ்சின் என்றால் குளவி வைத்த மண்கூடு, எதுவும் அந்தச் சின்னத் துளைக்குப் போதும். கொஞ்சம் தடித்த தங்கூசித் (நைலோன் தூண்டில் நூல்) துண்டு ஒன்றை உள்ளே விட்டுக் குத்துங்கள், கம்பி வேண்டாம், உள்ளே கீறும். அப்படியும் வராவிட்டால் துளைக்குப் போகும் ரப்பர் குழாயை மேலே கழற்றிவிட்டு, எஞ்சினின் கால் தண்ணீருக்குள் இருக்க, சில விநாடி ஸ்ரார்ட் செய்து பாருங்கள். குழாயால் நன்றாகத் தண்ணீர் பாய்ந்தால் பம்ப் வேலை செய்கிறது, அடைப்பு துளையில்தான். மூடி இல்லாமல் ஸ்ரார்ட் செய்யும்போது மேலே சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் சறமோ சால்வையோ தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளையால் தண்ணீர் நன்றாக வந்துகொண்டே எஞ்சின் சூடேறுவதும் உண்டு, ஏனென்றால் பல எஞ்சின்களில் அந்தத் தண்ணீர் தெர்மோஸ்ரற்றைத் தாண்டி வருவதில்லை. ஆகவே துளையை மட்டும் நம்பாதீர்கள். சிலிண்டர் தலையில் இரண்டு துளி தண்ணீரைத் தெளியுங்கள். சொய்ங் என்று கொதித்துப் பறந்தால் சூடு எல்லை தாண்டிவிட்டது.

மெதுவாக ஓடும்போது ஒன்றும் இல்லை, வேகம் கூட்டினால்தான் சூடேறுகிறது என்றால் எஞ்சின் பூட்டியிருக்கும் உயரத்தைப் பாருங்கள். புரொப்பெலருக்கு மேலே இருக்கும் தட்டையான தகடு வள்ளத்தின் அடிமட்டத்தோடு சரியாகவோ அல்லது ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். எஞ்சின் பூட்டிய பின்பலகை உயர்ந்து போயிருந்தால் வேகமாக ஓடும்போது வாய் காற்றைத்தான் குடிக்கும். ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினை அரைவாசி தூக்கி ஓட்டுகிறவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. அப்படி ஓட்ட வேண்டிவந்தால் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், வாய் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

இதெல்லாம் சரியென்றால் இம்பெலர்தான். இந்த வேலையைக் கரையில் வைத்துச் செய்யுங்கள். பிளக் வயர்களைக் கழற்றி, கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, காலின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் போல்ற்றுகளைக் கழற்றினால் அது அப்படியே நேராகக் கீழே இறங்கும். உப்பில் இறுகிய போல்ற்றை ஆவேசமாகத் திருகாதீர்கள், தலை முறிந்தால் பிறகு அலுமினியத்தைத் துளைக்க வேண்டிவரும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு வையுங்கள். இறக்கிய பகுதியின் மேலே பம்ப் இருக்கும். திறந்து இம்பெலரின் இதழ்களைப் பாருங்கள். வெடித்திருந்தால், ஒரே பக்கம் வளைந்து நிமிராமல் நின்றால், நுனி தீய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் கரையில் ‘சும்மா ஒருக்கா ஸ்ரார்ட் செய்து பார்ப்பம்’ என்று இழுத்தாலே அந்த ரப்பர் கருகத் தொடங்கிவிடும். ஓர் இதழ் உடைந்து காணாமல் போயிருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அது குழாயால் மேலே போய் எங்கோ அடைத்துக்கொண்டு நிற்கும், புது இம்பெலர் போட்டும் எஞ்சின் காயும். இம்பெலர் சுழலும் கிண்ணத்தையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

புதியதைப் போடும்போது அரைநிலா வடிவச் சின்னச் சாவி தண்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், அது விழுந்துவிட்டால் தண்டு சுழலும், இம்பெலர் சுழலாது. இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை மேலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்துங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடியும். கடைசியாகப் பகுதியை மேலே ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் பம்பின் ரப்பர் வாய்க்குள் நேராக இறங்கியதை உறுதி செய்யுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் வெளியே கொடுத்து மாற்றுவித்தபோது அந்தக் குழாய் விலகி நின்றிருக்கிறது. பம்ப் இறைத்த தண்ணீர் காலுக்குள்ளேயே சிந்தியது, புது இம்பெலரோடு அடுத்த நாளே கடலில் நின்றேன். அன்றிலிருந்து இந்த வேலையை என் கையால்தான் செய்கிறேன். தொழிலுக்கு ஒவ்வொரு நாளும் போகிற எஞ்சினுக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது இம்பெலரை மாற்றிவிடுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும்.

தெர்மோஸ்ரற் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் அதைக் கழற்றி எறிவதையே வைத்தியமாக நினைக்கிறார்கள். சூடேறும் எஞ்சினில் அதைக் கழற்றினால் சூடு குறையும், உண்மைதான். ஆனால் எஞ்சின் பிறகு எப்போதும் தேவைக்கு மேல் குளிர்ந்தே ஓடும். மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் இது இன்னும் மோசம். மண்ணெண்ணெய் ஆவியாகி எரிய நல்ல சூடு வேண்டும், அது இல்லாவிட்டால் அரைகுறையாக எரிந்து கரி படியும், பிளக் நனையும், பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கழற்றுங்கள், ஆனால் சோதிப்பதற்கு. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்ரற்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் சூடாக்குங்கள். பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50 முதல் 60 பாகை செல்சியஸ் அளவில் அது திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும்வரை அசையாமல் இருந்தால் புதியது வாங்குங்கள். கார் எஞ்சின் இதைவிட நன்றாகச் சூடாகவே ஓடும், கடல் எஞ்சினை இவ்வளவு குளிராக வைத்திருப்பதற்கு உப்புத்தான் காரணம். சூடு கூடினால் ஆனையிறவுப் பாத்தியில் உப்பு விளைவதுபோல் சிலிண்டரைச் சுற்றிய வழிகளிலும் உப்பு படியத் தொடங்கும், படிந்த உப்பு தண்ணீரை மறிக்கும், மறித்தால் இன்னும் சூடு. தெர்மோஸ்ரற்றின் உறைக்குள் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, வினாகிரி கலந்த தண்ணீரில் கால் நிற்க எஞ்சினை மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

தண்ணீர் வழி முழுக்கச் சுத்தம், இருந்தும் சூடு என்றால் எரிபொருள் பக்கம் திரும்புங்கள். இரண்டு ஸ்ரோக் எஞ்சினில் ஒயில் கலவை குறைந்தால் பிஸ்டன் உரசிச் சூடேறும். 50க்கு 1 என்றால் 25 லீற்றர் எரிபொருளுக்கு அரை லீற்றர் ஒயில், கண் அளவில் ஊற்றாதீர்கள். உங்கள் எஞ்சின் கையேடு வேறு அளவு சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: மெல்லிய மண்ணிறம் நல்லது, சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தால் காபரேற்றர் அடைப்பால் எரிபொருள் குறைகிறது, அல்லது எங்கோ காற்றுப் புகுகிறது. ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் தலைக் கஸ்கெற் போயிருக்கலாம், அதற்கு நல்ல மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

இதில் பாதிப் பிரச்சினை நல்ல தண்ணீரால் கழுவாததால் வருவது. பாதியாக வெட்டிய பரலில், தட்டையான தகடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். தீவுகளில் குடிக்கவே நல்ல தண்ணீர் குறைவு என்பது தெரியும். அப்படி இருந்தால் மாரியில் கூரைத் தண்ணீரைப் பரலில் பிடித்து மூடி வையுங்கள், ஒரே தண்ணீரை இரண்டு மூன்று தடவை பாவிக்கலாம், வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்கத் தொடங்கும்போது மாற்றினால் சரி.