பைகுவனைட் குளத்தைக் குளோரினுக்கு மாற்றிய ஒன்பது நாள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருடம் பிட்டராக இருந்தேன். இப்போது டவுனைச் சுற்றி ஐந்து வீட்டு நீச்சல் குளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒன்று, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாங்கிய வீடு. முன்பு இருந்தவர் குளோரின் போடாமல் பைகுவனைட் என்ற கிருமி கொல்லும் மருந்தும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றிப் பழக்கிவிட்டார். கண் எரியாது, வாடை இருக்காது, அதெல்லாம் உண்மைதான். ஆனால் நாளாக நாளாகக் குழாய் வாயில் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிந்தது, தண்ணீரும் எப்போது பார்த்தாலும் மங்கலாகவே கிடந்தது.

"அண்ணே, பேசாம குளோரினுக்கே மாத்திடுங்க. தீபாவளிக்குப் பேரப்பிள்ளைங்க வராங்க" என்றார் டீச்சர்.

மாற்றலாம். ஆனால் இன்றைக்கு ஒன்றை நிறுத்தி நாளைக்கு இன்னொன்றை ஊற்றுகிற வேலை இல்லை. இந்த இரண்டும் ஒரே தண்ணீரில் சேர்ந்து இருக்காது. மிச்சமிருக்கும் பைகுவனைட்டை எல்லாம் குளோரின் தின்று தீர்க்க வேண்டும். அது தீரும்வரை நீங்கள் ஊற்றும் குளோரின் தண்ணீரில் நிற்கவே நிற்காது.

முதலில் பழைய மருந்தை நிறுத்திவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். மொத்தமாக இறைத்துவிட்டால் சுலபம் என்று டீச்சரின் மகன் சொன்னார். மழைக்காலத்தில் அதைச் செய்யவே கூடாது. நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து தூக்கிவிடும். இறைத்த தண்ணீரையும் கால்வாயில் விடாதீர்கள், மீன் சாகும். எங்கள் பக்கத்துக் கால்வாய் எல்லாம் பிளஸ் ஆற்றில்தான் போய் விழுகிறது. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, நான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊறவிட்டேன்.

அடுத்தது பிஎச், அதாவது தண்ணீரின் அமில, கார அளவு. குளோரின் ஊற்றும் முன்பே 7.2க்குக் கொண்டுவந்துவிடுங்கள். குளோரின் 10 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் பத்து பங்கை) தாண்டினால் பிஎச் சோதனை தப்பாகக் காட்டும், பிறகு திருத்த முடியாது. இதற்கு ஆசிட் ஊற்றும்போது என் அம்மா ரப்பர் ஸ்டோரில் பால் உறைய வைக்க ஆசிட் கலந்த முறைதான்: தண்ணீரில் ஆசிட்டை ஊற்றவேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஆசிட் வாளியைக் குளோரினுக்குப் பயன்படுத்தவே கூடாது. இரண்டும் கலந்தால் வரும் புகை நெஞ்சை அடைத்துவிடும்.

குளோரினில் திரவமாக வருவதைத்தான் வாங்கவேண்டும். மாத்திரையிலும் சில தூள்களிலும் வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்ந்தே இருக்கும். அது குளோரினின் வேகத்தைக் கட்டிப்போடும், நமக்கு இப்போது முழு வேகமும் வேண்டும். கேன் புதிதாக இருக்கட்டும். வெயிலில் கிடந்த கேனில் பாதிச் சத்துகூட இருக்காது.

டீச்சர் வீட்டுக் குளம் 45,000 லிட்டர். 15 பிபிஎம் ஏற்ற 675 கிராம் குளோரின் வேண்டும், அதாவது 10 சதவீதத் திரவத்தில் ஏழு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பிவரும் வாய்க்கு எதிரே மெதுவாக ஊற்றினேன். மிச்சமிருந்த பெராக்சைடு நுரைத்தது. அரை மணி நேரத்தில் தண்ணீர் பச்சையும் மஞ்சளுமாகி, விடியும்போது தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ நிறத்தில் நின்றது. டீச்சர் பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஓரத்தில் கொழகொழவென்று மிதந்த கட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஆசிட் பட்ட ரப்பர் பால் மாதிரியே இழுத்தது. வலையால் அள்ளிப்போட்டுச் சுவரையும் ஏணிக்குப் பின்புறத்தையும் லைட்டைச் சுற்றியும் தினமும் தேய்த்தேன்.

இனி பொறுமைதான். பம்ப் இரவு பகல் நிற்கக் கூடாது. பில்டர் அழுத்தம் சுத்தமான அளவைவிட 8 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டுப் பில்டரைக் கழுவவேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை சோதித்து மறுபடி 15க்கு ஏற்றுங்கள். மஞ்சளாக மாறும் மலிவுக் கிட் இதற்குப் போதாது. பொடி போட்டுச் சொட்டு எண்ணும் கிட் வாங்குங்கள். 10 மில்லி தண்ணீர் ரோஜா நிறமாகும், அது வெளுக்கும்வரை எண்ணினால் சொட்டுக்கு அரை பிபிஎம். மூன்றாம் நாள் காலையில் நான் எண்ணியது இரண்டே சொட்டு. இரவு முப்பது சொட்டு இருந்த குளம்! ஏழாம் நாள் நிறம் தெளிந்தது, எட்டாம் நாள் தரையில் போட்ட பத்து சென் காசு தெரிந்தது.

அங்கே நின்றுவிடாதீர்கள். பில்டர் மணலை மாற்றியே ஆகவேண்டும், இதில் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கக் கூடாது. மூடியைத் திறந்தபோது மணல் மணலாகவே இல்லை, உளுந்து மாவில் பிசைந்த மாதிரி கட்டிகட்டியாகப் பெயர்ந்தது, கெட்ட வாடை வேறு. அதை வைத்துக்கொண்டு எத்தனை கேன் ஊற்றினாலும் வீண். அடியில் இருக்கும் விரல் குழாய்கள் சுலபத்தில் உடையும், கையாலேயே அள்ளுங்கள். புது மணல் கொட்டும் முன் தொட்டியில் பாதித் தண்ணீர் நிரப்புங்கள். எனக்கு 25 கிலோ மூட்டை ஆறு பிடித்தது. பில்டருக்கென்று விற்கும் மணல்தான், கட்டட மணல் ஆகாது.

பிறகு இரவில் ஒரு அளவு, சூரியன் வருமுன் ஒரு அளவு. இடையில் குறைந்த குளோரின் 1 பிபிஎம்முக்குள் இருந்தால் பைகுவனைட் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் குறைந்தால் மறுபடி 15. அப்படித் தீர்ந்த பிறகுதான் ஸ்டெபிலைசர்: 30 பிபிஎம்முக்கு ஒரு கிலோ 350 கிராம், பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் வரும் வாயில் தொங்கவிட்டேன். குளோரின் 4க்கு இறங்கிய பிறகே பிள்ளைகளை இறங்கவிட்டோம்.

குளோரினுக்குப் பதில் புரோமின் மருந்து போடும் குளம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி உதவாது. அதன் உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும், ஊற்றும் குளோரின் அதைத் திரும்பத் திரும்பப் புரோமினாகவே ஆக்கும். தண்ணீரைத்தான் மாற்றவேண்டும்.

மிச்சமிருக்கும் பெராக்சைடு கேனைக் குளோரின் இருக்கும் பம்ப் அறையில் வைக்காதீர்கள். டீச்சர் வீட்டில் அன்றைக்கே அதை வெளியே எடுத்துவந்துவிட்டேன்.