ரோமில் சுற்றும் நாளுக்கு ஒரு காலி பாட்டில்

கல்லூரிக் குழுவோடு ரோம் போகிறீர்களா? பையில் காலி பாட்டில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தெருவோரங்களில் ‘நசோனி’ எனும் இரும்புக் குழாய்கள் 1874 முதல் இருக்கின்றன. பெரிய மூக்கு என்று அர்த்தம், வடிவமும் அப்படித்தான். இலவசக் குடிநீர், ஜில்லென்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம். வெயிலில் நடந்து களைத்தவர்களுக்கு அது அமிர்தம்!

அப்புறம், புனித பேதுரு பேராலயத்துக்குள் போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டமிடாதீர்கள். பொதுவாக அன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு காலை மட்டும் திறந்திருக்கும், அதுவும் இலவசம், ஆனால் கூட்டம் அலைமோதும்.