முதுகலை ஆங்கில இலக்கிய நுழைவுத் தேர்வு: பயிற்சித் தாள்களைத் தேடி எடுக்கும் முறை

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி ஆகிய இடங்களில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்க விரும்பும் நம் திருநெல்வேலி மாவட்டத்து மாணவர்கள் க்யூட் பிஜி (CUET PG) எனப்படும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டியிருக்கிறது. 2022இல் தொடங்கிய இந்தத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. சென்ற ஆண்டு நான் இதற்குத் தயாரானபோது, படிப்பதைவிடப் பயிற்சித் தாள்களைத் தேடுவதிலேயே பல வாரங்கள் போயின. அந்த வாரங்கள் மற்றவர்களுக்கும் வீணாகக் கூடாது என்பதால், எனக்குப் பயன்பட்ட வழியை இங்கே எழுதிவைக்கிறேன். விண்ணப்பிக்கும் முறை, கட்டணம் ஆகியவற்றைப் பற்றி எழுதவில்லை. அவை முகமையின் தகவல் கையேட்டில் தெளிவாக இருக்கின்றன.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்வது நல்லது. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் நாம் எழுதிப் பழகிய பருவத் தேர்வு, கட்டுரை எழுதும் தேர்வு. கவிதை வரிகளைத் தந்து இடம் சுட்டி விளக்கச் சொல்வார்கள். நான்கு பக்கத்துக்கு விடை எழுதுவோம். க்யூட் பிஜியில் 75 கொள்குறி வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண்கள். 2025இல் அதற்கு 90 நிமிடங்கள் தந்தார்கள். அதாவது வினா ஒன்றுக்கு 72 நொடி. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆகவே கல்லூரிக் குறிப்புகளை எத்தனை முறை படித்தாலும், இந்த வடிவத்தில் வந்த உண்மையான வினாத்தாளில் கை வைக்காதவரை தயாரிப்பு தொடங்கியதாகக் கொள்ள முடியாது.

முதல் படி, முகமையின் தளத்திலிருந்து பழைய வினாத்தாள்களை நேரடியாகப் பதிவிறக்குவது. இப்போது ஆங்கிலப் பாடத்துக்கு எல்.ஏ.க்யூ.பி.01 என்பது குறியீடு. 2022இல் குறியீடுகள் பி.ஜி.க்யூ.பி. என்று தொடங்கின. இப்போதைய குறியீட்டை மட்டும் வைத்துத் தேடினால் முதல் ஆண்டின் தாள் கண்ணில் படாது. எனவே பாடப் பெயரை வைத்தும் ஒருமுறை தேடுங்கள்.

கடைகளில் விற்கும் 'முந்தைய ஆண்டு வினாத்தாள்' தொகுப்புகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். நான் வாங்கிய ஒன்றில் வினாக்களைத் திரும்பத் தட்டச்சு செய்திருந்தார்கள். பொருத்துக வினாக்களில் இரண்டாம் பட்டியலின் வரிசையே மாறியிருந்தது. அந்த வினாக்களுக்குச் சரியான விடை என்று எதுவுமே இல்லாமல் போனதை, அசல் தாளை எடுத்துப் பார்த்த பிறகே உணர்ந்தேன்.

இரண்டாம் படி விடைக்குறிப்பு. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முகமை வெளியிடும் தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் நான்கு விடைகளுக்கும் தனித்தனி அடையாள எண்கள் உண்டு. விடைக்குறிப்போ தனிக் கோப்பு. அதில் வினா அடையாள எண்ணும் அதற்கு நேரே சரியான விடையின் அடையாள எண்ணும் மட்டுமே இருக்கும். அந்தப் பட்டியல் தாளில் உள்ள வரிசையில்தான் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. சில ஆண்டுகளில் பல பாடங்களின் விடைகள் ஒரே நீண்ட கோப்பில் கிடக்கும்.

நான் இதை அறியாமல், பட்டியலின் முதல் வரியை முதல் வினாவுக்கும் இரண்டாம் வரியை இரண்டாம் வினாவுக்கும் உரியதாகக் கொண்டு திருத்தினேன். எழுபத்தைந்தில் பத்தொன்பதுதான் சரி என்று வந்தது. மூன்று ஆண்டுகள் ஆசையோடு படித்த பாடம் எனக்கு வராது என்று நம்பி இரண்டு வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. என் சித்தி மகள் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தற்செயலாக அந்தக் கோப்பைப் பார்த்து, "அக்கா, இது வரிசை எண் இல்லை, நம்பரைத் தேடிப் பாருங்க" என்று சொன்ன பிறகே உண்மை தெரிந்தது. திரும்பத் திருத்தியபோது நாற்பத்தாறு சரியாக இருந்தன.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். விடைக்குறிப்புக் கோப்பைத் திறந்து, தேடல் பெட்டியில் வினாவின் அடையாள எண்ணை இட்டு, கிடைக்கும் விடை எண்ணைத் தாளில் உள்ள நான்கு எண்களோடு ஒப்பிட்டு, 1, 2, 3, 4 என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இதைத் தாளை எழுதிப் பார்த்த பிறகே செய்யுங்கள். முன்பே செய்தால் விடைகள் மனத்தில் தங்கிவிடும். அல்லது வீட்டில் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். கணினியில் செய்வதே எளிது. கைப்பேசியில் இரண்டு கோப்புகளை மாற்றி மாற்றித் திறந்து எண்களை ஒப்பிடும்போது பிழை வருகிறது.

தற்காலிக விடைக்குறிப்பு, இறுதி விடைக்குறிப்பு என்று இரண்டு வெளியாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவது வந்ததும் தேர்வர்கள் வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவற்றைப் பரிசீலித்த பிறகே இறுதிக்குறிப்பு வரும். இலக்கியத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. காலவரிசை வினாக்களில் எந்தப் பதிப்பின் ஆண்டைக் கொள்வது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழக்கூடும். எடுத்துக்காட்டாக, 'லிரிக்கல் பாலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்பு முதலில் வெளிவந்தது 1798இல்; வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற முன்னுரை 1800ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில்தான் சேர்ந்தது. நூலைக் கேட்கிறார்களா, முன்னுரையைக் கேட்கிறார்களா என்று பார்க்காமல் விடையளித்தால் வரிசை மாறிவிடும். பயிற்சிக்கு இறுதிக்குறிப்பை மட்டுமே பயன்படுத்துங்கள்.

மூன்றாம் படி, தாள்கள் போதாதபோது வேறு இடங்களுக்குப் போவது. க்யூட் பிஜி தாள்கள் ஆண்டுக்கு ஒன்றாகத்தான் சேர்கின்றன; அவற்றை இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். 2022க்கு முன் ஹைதராபாத் பல்கலைக்கழகமும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் தனியாக நுழைவுத் தேர்வு வைத்தன. அந்தப் பழைய தாள்களை அவற்றின் தளங்களில் தேடுங்கள். ஹைதராபாத் தாள்கள் அதன் இந்திரா காந்தி நினைவு நூலகத்தின் மின்தொகுப்பில் இருக்கின்றன. அறிமுகமில்லாத பத்தியையோ கவிதையையோ படித்துப் பொருள்கொள்ளும் பழக்கத்துக்கு அவை மிகவும் உதவின.

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வின் ஆங்கிலத் தாள்களும் நல்ல சுரங்கம். 2012 ஜூன் முதல் 2017 வரை இரண்டாம் தாளில் 50, மூன்றாம் தாளில் 75 கொள்குறி வினாக்கள் இருந்தன. 2018 ஜூலையில் மூன்றாம் தாளை நீக்கி, இரண்டாம் தாளை 100 வினாக்களாக்கினார்கள். தொடக்க நிலையில் இருப்பவர்கள் 2012–2017 காலத்து இரண்டாம் தாள்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மூன்றாம் தாளின் திறனாய்வுக் கோட்பாட்டு வினாக்கள் முதுகலை முடித்தவர்களுக்கானவை. அவற்றை முதலிலேயே எடுத்தால் மனம் தளரும். நெட் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆனால் நீங்கள் திருத்தும்போது ஒரு மதிப்பெண் குறைத்தே கணக்கிடுங்கள்.

தவறிய வினாக்களுக்குப் பின்னணி படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இகியான்கோஷ் தளம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது. அதன் எம்.ஏ. ஆங்கிலப் பாடநூல்கள் இலவசம். கோட்பாட்டுக்கு எம்.இ.ஜி.05 என்ற குறியீடுள்ள பாடநூலைப் பாருங்கள், நடை எளிது. வீட்டில் இணையம் சரியில்லாத நாள்களில் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் அமர்ந்து ஆங்கில இலக்கிய வரலாற்று நூல்களிலிருந்து ஆண்டுகளைக் குறிப்பெடுத்தேன். தாள்களைக் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில், ஒரு பக்கத்தில் இரண்டு பக்கங்கள் வருமாறு அச்செடுத்தால் செலவு பாதியாகும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த வள்ளியூர் மாணவி ஒருவர், இறுதிக்குறிப்பில் ஒரு வினாவுக்கு விடை எண்ணே இல்லை, என்ன செய்வது என்று கேட்டார். அது நீக்கப்பட்ட வினா. உங்கள் கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து இன்னொருவர், விடை தெரியாத வினாவை விட்டுவிடுவதா, ஊகிப்பதா என்று கேட்டார். நான்கு விடைகளில் இரண்டையாவது உறுதியாக விலக்க முடிந்தால் ஊகியுங்கள்; அப்படிப்பட்ட இரண்டு வினாக்களில் ஒன்று சரியானாலும் மூன்று மதிப்பெண் மிஞ்சும். பயிற்சியின்போது ஊகித்த விடைகளுக்கு மட்டும் வட்டமிட்டு வையுங்கள். சரியாக அமைந்திருந்தாலும், மறுநாள் படிக்க வேண்டியவை அந்த வட்டமிட்ட வினாக்களே.