பூவைப் பார்க்கும் முன் இலையைப் பாருங்கள்: பெயர் தெரியாத காட்டுச் செடியை அடையாளம் காண்பது எப்படி?

மலையேற்றப் பாதையில் புதிதாக ஒரு பூ கண்ணில் பட்டால், "மஞ்சள் காட்டுப்பூ" என்று இணையத்தில் தேடுவதுதான் பலருடைய வழக்கம். அதில் பெரிய பயன் கிடைக்காது. பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 3 லட்சம் சிற்றினங்கள் உள்ளன. ஒரே சிற்றினத்திலேயே ஒரு செடி ஊதாவாகவும் அடுத்தது வெள்ளையாகவும் பூக்கலாம். நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

1. படம் எடுங்கள், பறிக்காதீர்கள்

முழுச் செடி, இலையின் இரு பக்கங்கள், இலை தண்டோடு சேரும் இடம், பூவின் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம். பின்புறத்தை யாரும் எடுப்பதில்லை. பூவைத் தாங்கும் புல்லி இதழ்கள் இருப்பதோ அங்கேதான். அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வையுங்கள்.

2. இலை அமைவு

பூ உதிர்ந்த பிறகும் கைகொடுப்பது இதுதான். தண்டில் இலை முளைக்கும் இடம் கணு. ஒரு கணுவில் ஓர் இலை என்றால் மாற்றிலை அமைவு. எதிரெதிராக இரண்டு என்றால் எதிரிலை அமைவு. மூன்றோ அதற்கு மேலோ சுற்றி நின்றால் வட்ட இலை அமைவு.

புதியவர்கள் தடுமாறுவது கூட்டிலையில், அதாவது ஒரே இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும்போது. வரிசையாக நிற்பவை தனி இலைகளா, ஒரே இலையின் சிற்றிலைகளா? காம்பின் அடியில் மொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கோணத்தில் மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

3. குடும்பத்தைப் பிடியுங்கள்

சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, இரண்டு உதடாகப் பிளந்த பூ: மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் துளசிக் குடும்பம். சிலுவைபோல் நான்கு இதழ், நான்கு நெட்டை மகரந்தத்தாள், இரண்டு குட்டை: கடுகுக் குடும்பம். மேலே ஒரு பெரிய இதழ், பக்கத்துக்கு ஒன்று, கீழே படகாகச் சேர்ந்த இரண்டு என்றால் அவரைக் குடும்பம். இதழ்கள் மூன்றின் மடங்காகவும் இலை நரம்புகள் இணைகோடுகளாகவும் இருந்தால் ஒருவித்திலைத் தாவரமாக (விதையில் ஒரே வித்திலை கொண்டது) இருக்க வாய்ப்பு அதிகம்.

சூரியகாந்திக் குடும்பத்தில் மட்டும் இதழ் எண்ணி ஏமாறாதீர்கள். ஒற்றைப் பூவாகத் தெரிவது பல சிறு பூக்களின் கொத்து. ஓரத்து "இதழ்" ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ.

4. செயலி அதன் பிறகு

ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட் போன்ற செயலிகள் தருவது ஊகம்தான். அவை காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்காமல், நீங்கள் குறித்த இலை அமைவோடு ஒப்பிடுங்கள். எதிரிலைச் செடிக்கு மாற்றிலைத் தாவரத்தின் பெயர் வந்தால் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

பெயர் கிடைத்துவிட்டது என்பதற்காக எதையும் வாயில் வைக்க வேண்டாம். குடைபோல் விரியும் வெள்ளைப் பூக்கள் காட்டுக் கேரட்டுக்கும் உண்டு, உயிரைக் கொல்லும் ஹெம்லாக்குக்கும் உண்டு. பால் வடியும் தண்டையும் தொடாதீர்கள். சில வகைப் பால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்.

5. தெரிந்த அளவுக்கே பதியுங்கள்

பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வரைதான் உறுதி என்றால் அதோடு நிறுத்துங்கள். காய்க்கும் பருவத்தில் அதே பாதையில் போக வாய்த்தால் காயையும் படமெடுத்துச் சேருங்கள். கேரட் குடும்பத்தில் பல சிற்றினங்களைக் காயைப் பார்க்காமல் பிரித்தறிவது கடினம்.